சுஹைல்: அக்கா வைத்துப் போன பெயர்

1

சிங்கப்பூரில் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தால் அடையாள அட்டை எடுத்தாக வேண்டும். எங்கள் மூத்தவன் சுஹைலுக்குப் போன மாதம் பன்னிரண்டு முடிந்தது. அட்டைக்குப் படம் பிடிக்க அவனைத் தெருமுனையில் இருக்கும் சீனர் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனேன். இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்று அந்த மனிதர் சைகையிலேயே சொல்லிப் படம் எடுத்தார். மறுநாள் போய் வாங்கி, கடை வாசலிலேயே உறையைப் பிரித்தேன். உள்ளேயிருந்து என் அக்கா ஜமீலா என்னைப் பார்த்தாள்.

அதே நெற்றி. சும்மா இருக்கும்போதும் ஏதோ சொல்ல வருவது போன்ற அதே வாய். அவள் இறந்து பத்து வருஷம் ஆகிறது. இந்தப் பிள்ளையை அவள் வைத்திருந்ததைவிட நான் வைத்திருக்கும் காலம் பல மடங்கு. சோறு ஊட்டியது நான். சளி கட்டினால் மார்பில் தைலம் தேய்த்தது நான். கப்பலில் அவன் வாந்தி எடுத்தபோது மடியில் ஏந்தியதும் நான்தான். என் ஜாடை அவனிடம் தேடினாலும் கிடைக்காது.

இந்த ஊர் மழையைப் பற்றியும் மீன் சந்தையைப் பற்றியும் முன்பு எழுதியிருக்கிறேன். இங்கே பிள்ளைகள் தமிழை எப்படி மெல்ல மெல்லக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்றும் எழுதினேன். இந்தத் தடவை ஒரு பெயரைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பெயர்மேல் எனக்கு இருக்கும் பொறாமையைப் பற்றி என்று சொல்வதுதான் சரி.

2

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். அத்தாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. வீட்டில் பெண்கள் இரண்டு பேர்தான், ஜமீலாவும் நானும். அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். யார் வந்தாலும் முதலில் அவள் பக்கம்தான் திரும்புவார்கள். அவள் ஒன்றும் பெரிய அழகியில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் பேசினால் முகத்தை அவரிடமே கொடுத்துவிட்டுக் கேட்பாள். நான் பேசும்போதே பாதியில் எங்காவது போய்விடுவேன். அவளை எல்லோருக்கும் பிடித்தது, என்னை எல்லோரும் அனுசரித்துக்கொண்டார்கள்.

துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் காசிமுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடித்தனம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம், ஜமீலா நிறைமாதமாக இருந்தாள். நாங்கள் வாலாஜாபேட்டைக்கு அத்தாவின் உறவுக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டோம். காசிமுக்குத் துறைமுகத்தை விட்டு வர அனுமதியில்லை. அம்மா எவ்வளவு கெஞ்சியும் ஜமீலா ரயிலேற மறுத்துவிட்டாள்.

"நான் இவர வுட்டுட்டு எங்கியும் வர்ல. நீ அம்மாவப் பாத்துக்க" என்று என்னிடம் சொன்னாள்.

ரயிலில் அம்மா அழுதுகொண்டே வந்தாள். எனக்குப் பயம் இல்லை. ஊரே ஒழிந்து போனபின் அந்தத் தெரு முழுவதும் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது.

பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்துத்தான் காசிம் ஒரு நாள் லீவில் வாலாஜாபேட்டைக்கு வந்தார். ஆண் பிள்ளை என்றார். அம்மா கையேந்தி துஆ செய்துவிட்டு, "எங்க மாமனார் பேருதானே?" என்று கேட்டாள். எங்கள் தாத்தா பெயர் அப்துல் காதர்.

"இல்ல மாமி. சுஹைல்னு வெச்சிட்டா."

"இன்னா பேரு அது? யாரு பேரு?"

"அவ வெச்சிட்டா" என்று மறுபடியும் சொன்னார்.

நிலைமை தேறி நாங்கள் ராயபுரம் திரும்பியபோது, தெரு அந்தப் பெயரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தது. சொகைலு என்றார்கள், சுகேலு என்றார்கள். மீன் கொண்டு வரும் அம்மாள் 'சுகம்' என்றே கூப்பிட்டாள். ஜமீலா யாரையும் திருத்தவில்லை. பள்ளிவாசலில் காதர் என்று குரல் கொடுத்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை தேடினாலும் அப்போது இன்னொரு சுஹைல் கிடைத்திருக்க மாட்டான்.

அம்மாவுக்கு மனசு ஆறாமல் மௌலவி சாஹிபிடம் ஆளனுப்பிக் கேட்டாள். அவர் யோசித்துச் சொல்லியனுப்பினார். மக்காவின் குறைஷிக் குலத்தில் அப்படி ஒரு தலைவர் இருந்தார், நாவன்மை மிக்கவர், முதலில் நபிகள் நாயகத்தை எதிர்த்து நின்று பிறகு இஸ்லாத்துக்கு வந்தவர், தாராளமாக வைக்கலாம், ஆனால் நம் பக்கத்தில் வழக்கமில்லை. அம்மா அதோடு அடங்கிவிட்டாள். எனக்குத்தான் அடங்கவில்லை. எட்டாவது வரை படித்தவள் நான். அவள் ஐந்தாவதோடு நின்றவள். யாருக்கும் தெரியாத ஒரு பெயர் அவளுக்கு எங்கிருந்து கிடைத்தது?

நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே என்று கேட்காமல் விட்டேன்.

3

பிள்ளைக்கு இரண்டு வயது ஆகவில்லை, ஜமீலா குடல் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்று வாரம் கிடந்தாள். கடைசி நாட்களில் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

'குழந்தைக்கு யார்?' என்ற ஒரே கேள்வியில் என் கல்யாணம் முடிவாயிற்று. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. காசிம் நல்ல மனிதர். குரலை உயர்த்தத் தெரியாதவர். அவளுடைய வீடு, அவளுடைய அடுப்பு, அவள் கொடியில் போட்டுப் போன துணிகூட எனக்கு வந்தது. பிள்ளை முதலில் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டான். எங்கள் அம்மா அதைத் திருத்தினாள்.

"சின்னம்மான்னே கூப்பிடட்டும்டி. பெத்தவள மறந்துடக் கூடாது."

அது நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து அவன் என்னைக் கூப்பிடும் சொல்லிலும் அவள் இருந்தாள், நான் அவனைக் கூப்பிடும் சொல்லிலும் அவள் இருந்தாள். சாப்பிட வா சுஹைல், கடலண்டை போகாதே சுஹைல் என்று நாள் முழுக்க அவள் வைத்த சொல்லையே நான் சொல்லித் தீர்த்தேன்.

எனக்கு மகன் பிறந்தபோது, அதைவிட அபூர்வமான பெயர் வைப்பது என்று தீர்மானித்தேன். மௌலவி சாஹிபிடமே கேட்டு வரச் சொன்னேன். உகாஷா என்று ஒன்று வந்தது. அவரும் நபித்தோழர்தான், இந்தப் பக்கத்தில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாள் பிள்ளை பார்க்க வந்தார். அவர் வீட்டுக்காரரும் துறைமுகத்தில்தான் வேலை. ராயபுரம் மாதா கோயிலுக்கு ஒரு பூசை தவற விடாத குடும்பம்.

"இன்னாம்மா பேரு?"

"உகாஷா, அக்கா."

"ஊறுகாயா?"

என் அம்மா சிரித்தாள். காசிம் வாசல் பக்கம் போய் நின்று சிரித்தார். நானும் கடைசியில் சிரிக்க வேண்டியதாயிற்று. ஏழாம் நாள் என் மகனுக்கு அப்துல் ரஹீம் என்று பெயர் வைத்தோம். எங்கள் தெருவில் அவன் ஐந்தாவது ரஹீம்.

4

யுத்தம் முடிந்த மறு வருஷம் காசிமுக்குச் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அரபுத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. வீட்டுக்காரம்மா பெயர் ஃபாத்திமா. அவருடைய தகப்பனார் ஹத்ரமவ்த்திலிருந்து கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட அரபி. ஃபாத்திமா பேசுவது மலாய். வந்த வாரம் அவர் என்னிடம் 'சுவாமி' எங்கே என்று கேட்டார். நாங்கள் முஸ்லிம்கள், எங்களுக்குச் சாமி கிடையாது என்று நான் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மலாயில் சுவாமி என்றால் கணவன். எனக்குக் கணவனே இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டு அன்று மாலை கோழிக் குழம்பு கொடுத்தனுப்பினார்.

காலையில் எழுந்தால் தண்ணீர்க் குழாய், பிறகு இவருக்குச் சாப்பாட்டுக் கேரியர், பிறகு பிள்ளைகள். பையன்கள் இருவரும் தங்களுக்குள் பேசுவது மலாய்தான். ரஹீம் சோற்றை 'நாசி' என்பான், மழையை 'ஹுஜான்' என்பான். தமிழில் சொல்லுடா என்றால் அண்ணனைப் பார்ப்பான், அண்ணன் என்னைப் பார்ப்பான்.

சுஹைலைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று ஆசிரியர் அந்தப் பெயரை ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்கவில்லை. சுஹைலி என்று எழுதினார். மலாய்க்காரர்கள் அப்படித்தான் வைப்பார்களாம். அரபிப் பையன் ஒருவனும் சுஹைல் என்ற பெயரில் அதே வகுப்பில் இருந்தான். ஃபாத்திமாவின் அக்கா மகனும் சுஹைல்தான். திரும்பி வரும்போது எனக்கு நடை இலேசாக இருந்தது. ராயபுரத்தில் யாருக்கும் கிடைக்காதது இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கிறது என்று அக்காவிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சின்னப் புத்திதான். ஆனால் அந்த வாரம் முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அதையும் ஃபாத்திமாவே கெடுத்தார். ஒரு சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். தெற்கே கூரைகளுக்கு மேல் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் எழும்பியிருந்தது. அதைக் காட்டி, "உன் மகன்" என்றார்.

அரபிகள் அதை சுஹைல் என்பார்களாம். நடுக்கடலில் தெற்கு எது என்று தெரியாவிட்டால் அதைத்தான் பார்ப்பார்களாம். அது உதித்தால் அவர்கள் நாட்டில் வெயில் தணியும் என்று அர்த்தமாம். நம் பக்கத்தில் அகத்தியர் பெயரால் சொல்வது இதே நட்சத்திரத்தைத்தான் என்று பிற்பாடு ஒரு தமிழ் ஆசிரியர் எனக்குச் சொன்னார். சுஹைலுக்கு வானத்தில் இரண்டு சகோதரிகள் என்று ஃபாத்திமா கதையும் சொன்னார். அவன் ஒரு குற்றம் செய்துவிட்டுத் தெற்கே ஓடிப்போனான். ஒருத்தி ஆகாயத்து ஆற்றைக் கடந்து அவன் பின்னால் போனாள். இன்னொருத்தியால் கடக்க முடியவில்லை. இக்கரையிலேயே நின்று அழுது அழுது பார்வை மங்கிப்போனாள். அதனால்தான் அந்த நட்சத்திரத்துக்கு ஒளி குறைவாம்.

கதை அழகானது. எனக்கு அதில் மனம் போகவில்லை. யுத்த காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் காசிம் ஒரு விஷயம் சொல்வார். அந்த வருஷம் விளக்குத் தடையால் பட்டணமே இருட்டு, கடற்கரையில் நின்றால் தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் என்பார். இப்போது எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. காலியான ஊர், இருண்ட கடற்கரை, அவர்கள் இரண்டு பேர், தெற்கே ஒரு நட்சத்திரம். வானத்திலிருந்து பெயர் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் மகனுக்குத் தெருவிலிருந்து எடுத்தோம்.

ஒரு வாரம் காசிமிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சாப்பாடு போடும்போது கேட்டேன்.

"நீங்களும் அக்காவும் நட்சத்திரத்தப் பாத்துத்தான் பேரு வெச்சீங்களா?"

"எந்த நட்சத்திரம்?"

"கடக்கரையில கொட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லுவீங்களே."

"அது ஆர்பர்ல ராத்திரி வேலைல பாத்தது. நான் வூட்டுக்கு எங்க வந்தேன்? கொயந்த பொறக்கிறப்போ நான் இல்லவே இல்ல. மூணாம் நாளு வந்தேன். பேரு வெச்சாச்சுன்னா. சரின்னேன்."

"ஏன் அந்தப் பேருன்னு கேக்கலியா?"

சோற்றைப் பிசைந்தார். "அவ மூஞ்சியப் பாத்தேன். கேக்கத் தோணல."

அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைக்கவில்லை என்பதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்று அவர் எனக்குச் சொல்லவும் இல்லை.

5

போன வருஷம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று நான் மட்டும் இங்கே பிறந்த கடைக்குட்டிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு கப்பலில் ஊருக்குப் போனேன். அம்மா தேறிவிட்டாள். தெரு அப்படியேதான் இருந்தது. லூர்தம்மாளுக்கு முடி நரைத்திருந்தது, குரல் மாறவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சொகைலு எப்படிக் கீறான்?"

இருவரும் அவர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து பேசினோம். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவேதான் ஆரம்பித்தார்.

"உங்கக்கா பிள்ள பெத்தத இன்னும் என்னால மறக்க முடிலடி. தெருவே காலி. மருத்துவச்சி ஊர வுட்டுப் பூட்டா. உங்க மச்சான் காசிமு ஆர்பர்ல மாட்டிக்கினாரு, எங்கூட்டுக்காரரும் அங்கதான். ரெண்டு நாளு வலி. நான் ஒருத்திதான் கூட. நான் மாதாவக் கூப்ட்டுக்கினு இருந்தேன். அது அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லிக்கினு இருந்துச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"உங்க ஓதல்தான். 'சஹல சஹல'ன்னு வரும். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிடுச்சு. கொயந்த வந்து வியுந்துச்சு. தொடச்சிக் கைல குடுத்தேன். இன்னா பேரு வெக்கப்போறேன்னேன். 'ரெண்டு நாளா சொல்லிக்கினு கீறேனே அக்கா, அதான்'னு சொல்லிட்டு சிரிச்சுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. 'உனுக்குப் புரியாதுக்கா, என் தங்கச்சி இங்க இருந்தா அதுக்குப் புரியும்'னுச்சு."

லூர்தம்மாள் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உனுக்குத் தெரியும்னுதான் நான் இத்தினி வருசம் சொல்லல. தெரியாதா?"

தெரியும். அந்த நிமிஷம்தான் தெரிந்தது. சிறு வயதில் நாங்கள் குர்ஆன் ஓதப் போன வீட்டில், கஷ்டமான காரியம் எதற்கும் முன்னால் சொல்லும்படி ஒரு துஆ சொல்லிக் கொடுத்தார்கள். "அல்லாஹும்ம லா ஸஹ்ல இல்லா மா ஜஅல்தஹு ஸஹ்லா." யா அல்லாஹ், நீ இலேசாக்கியதைத் தவிர இலேசானது எதுவும் இல்லை. ஸஹ்ல் என்றால் இலேசு, எளிது. எங்களை ஒரே பாயில் உட்கார்த்தி வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு அது இன்றும் மனப்பாடம். பரீட்சைக்கு முன் சொல்வேன், மண்ணெண்ணெய் வரிசையில் நின்று சொல்வேன், என் மூன்று பிரசவத்திலும் சொன்னேன். அதற்குள் ஒரு பெயர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சிங்கப்பூர் திரும்பியதும் ஃபாத்திமாவிடம் கேட்டேன். ஸஹ்லும் சுஹைலும் ஒரே வேர்தான் என்றார். சின்ன ஸஹ்ல், செல்லமாகச் சொல்வது என்றார். முஸ்லிம்களோடு உடன்படிக்கை பேச சுஹைல் என்ற அந்தக் குறைஷித் தலைவர் வந்தபோது, பெயரை வைத்தே நபிகள் நாயகம் காரியம் இலேசாகும் என்று சொன்னதாக ஹதீஸ் உண்டு என்றும் சொன்னார். அந்தக் கதையும் எங்களுக்குச் சொல்லப்பட்டதுதான். அன்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகை, கணவன், பிள்ளை என்று பொறாமைப்படுவது ஒரு வகை. அதற்கெல்லாம் ஒரு சமாதானம் கண்டுபிடிக்கலாம். இதற்கு என்னால் முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைத்தான் கொடுத்தார்கள். அவள் அதை ஒரு பிள்ளையாக்கிவிட்டுப் போனாள். அதோடு எனக்குப் புரியும் என்றும் நம்பினாள்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சுஹைல், ஃபாத்திமாவிடம் கதை கேட்டு, பள்ளியில் தன் பெயர் நட்சத்திரம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சொல்லட்டும் என்று விட்டேன். அந்தப் பெயரில் எனக்கென்று ஒரு பங்கு வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதுதான் அந்தப் பங்கு.

6

நேற்று முன்தினம் அட்டைக்காகப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். நீளமான வரிசை. மேசையில் ஓர் இளம் மலாய்க்காரர் இருந்தார்.

"சுஹைலி?"

"சுஹைல். கடைசியில் இ கிடையாது" என்று இவன் மலாயில் திருத்தினான். தாயார் திருத்தாததை மகன் திருத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தாயின் பெயர்?"

"ஜமீலா."

என்னைத் திரும்பிப் பார்க்காமல், யோசிக்காமல் சொன்னான். அந்த மனிதர் என்னைப் பார்த்து, "அப்படியானால் இவர்?" என்றார்.

"அம்மாவின் தங்கை."

எல்லாம் உண்மை. சட்டப்படியும் சரி. இவன் கட்டை விரலில் மையை உருட்டியபடி, இந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டா என்று அவர் கேட்டார். இவன் நட்சத்திரக் கதையை, ஆற்றைக் கடந்த சகோதரி வரை, சுருக்கமாகச் சொன்னான். அவர் ரசித்துக் கேட்டார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, விரலில் ஒட்டிய மையை எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உன் பேரு நட்சத்திரம் இல்ல" என்றேன்.

அன்பினால் சொன்னேன் என்று எழுதினால் பொய். ஜமீலா என்று அவன் அத்தனை சுலபமாகச் சொன்னபின், அவளைப் பற்றி அவனைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று காட்ட வேண்டும் போலிருந்தது. காலியான தெரு, இரண்டு நாள் வலி, லூர்தம்மாள், அவள் ஓதியது, பிள்ளையைக் கையில் வாங்கிச் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றி அவள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவன் விரல் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"அது என்னா துஆ, சின்னம்மா?"

ஓதிக் காட்டினேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஓதினோம்."

நாலைந்து நிறுத்தம் தாண்டியது. பிறகு தமிழில், சொல்லைத் தேடித் தேடிக் கேட்டான்.

"அவங்க குரல்... எப்படி இருக்கும்?"

இந்தக் கேள்வியை அவன் இதுவரை கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கலாம்.

"என் குரல் மாதிரிதான். வாசல்ல நின்னு கேட்டா யாரு பேசறதுன்னு எங்கம்மாவுக்கே தெரியாது."

"அப்ப இன்னொரு தடவ ஓதுங்க" என்றான்.

பஸ்ஸில் கூட்டம் ஏறிவிட்டிருந்தது. அவன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கேட்கப் போவது என் குரலை அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவனுக்குக் கேட்கும்படி குனிந்து, மெதுவாக, தப்பில்லாமல் ஓதினேன்.